குமரி ஜூனியர் ஹாக்கி: மண்ணில் பழகி டர்ஃபில் ஆடப் போகும் பிள்ளைகள்

வரும் சீசனில் குமரி மாவட்ட ஜூனியர் ஹாக்கி அணி எவ்வளவு தூரம் போகும்? மண் தரையில் நடக்கும் ஆட்டம் என்றால் பக்கத்து மாவட்டங்களோடு சரிக்குச் சரி நிற்கும். செயற்கைப் புல்தரைக்கு, அதாவது டர்ஃபுக்குப் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே திணறும், அந்தத் திணறலில் இரண்டு கோல் வாங்கிவிட்டால் மீதி ஆட்டம் முழுக்கத் துரத்தல்தான். என் கணிப்பு இதுதான். இதில் பிள்ளைகளின் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தரையில் பழகுகிறார்கள், எந்த மாதத்தில் பழகுகிறார்கள், எந்த வயதில் விட்டுவிடுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குள் முழுக் கதையும் அடங்கிவிடும்.

முதலில், ஜூனியர் என்று யாரைச் சொல்கிறோம்? ஒரே பெயரில் பல வயதுக் கணக்கு ஓடுகிறது. பள்ளிகளுக்கான போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. நேரு கோப்பை ஹாக்கியில் 15-க்கு உட்பட்டவர்கள் சப்-ஜூனியர், 17-க்கு உட்பட்டவர்கள் ஜூனியர். முதலமைச்சர் கோப்பையில் 12 முதல் 19 வயது வரை பள்ளிப் பிரிவு. உலகக் கோப்பை அளவில் ஜூனியர் என்றால் 21-க்குள். பெயர்தான் மாறும், மாவட்டத்தில் ஸ்டிக் பிடிக்கிற அதே பிள்ளைகள்தான் இந்தப் போட்டிகளில் மாறி மாறி வெவ்வேறு சட்டையில் வருவார்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம் என்பது ஏணி. ஏணியின் கீழ்ப்படிகள் பெரும்பாலும் மண். மேலே போகப் போகப் புல்தரை.

மண்ணுக்கும் டர்ஃபுக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் கேட்பார்கள். கால்பந்தில் தரை மாறினால் ஆட்டத்தின் வேகம் கொஞ்சம் மாறும். ஹாக்கியில் ஆட்டமே மாறிவிடும். செம்மண் கிரவுண்டில் பந்து ஒருபோதும் நேராக வராது. சின்னக் கல்லில் பட்டாலும் முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். அதனால் மண்ணில் வளர்ந்த பையன் பந்தை நம்ப மாட்டான். ஸ்டிக்கைச் செங்குத்தாக நிறுத்தி, உடம்பைப் பந்தின் பாதையில் கொண்டுவந்து, முதலில் நிறுத்தி, அப்புறம்தான் யாருக்குக் கொடுப்பது என்று நிமிர்ந்து பார்ப்பான். மண்ணில் அது புத்திசாலித்தனம்.

டர்ஃபில் அதே பழக்கம் அவனைக் கவிழ்த்துவிடும். அங்கே ஆட்டத்துக்கு முன் தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். பந்து தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு வரும். துள்ளாது, வேகமும் குறையாது. முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, ஸ்டிக்கைத் தரையோடு கிடத்தி, ஓடிக்கொண்டே வாங்க வேண்டும். நின்று நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிற அந்த ஒரு நொடியில் எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு போயிருப்பான். நம் ஊர் பள்ளி கிரவுண்ட் எதிலாவது சாயங்காலம் நின்று பார்த்தால், உடற்கல்வி ஆசிரியர் தொண்டை வறளக் கத்துவது ஒரே வாக்கியமாக இருக்கும்: "லேய், குனிஞ்சு நில்லுல மக்கா!" பையன் குனிவான். அடுத்த பந்து கல்லில் பட்டுத் தாடைக்கு வரும். மறுபடி நிமிர்ந்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

ஸ்டிக்கைப் பார்த்தாலே தரை தெரிந்துவிடும். மண்ணில் ஆடுகிறவர்களின் ஸ்டிக்கில் வளைவின் அடிப்பக்கம் உரசி உரசித் தேய்ந்து, அதன்மேல் டேப் சுற்றியிருக்கும். ஆட்டத்தின் பாதி வித்தைகளை மண் அனுமதிக்காது. ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து இடப்பக்கத்திலிருந்து அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டை மண்ணில் பழகினால் விரல் முட்டிகள் தோலுரியும். கீப்பர் சறுக்கிப் போய்ப் பந்தை மறிப்பதை மண்ணில் பழகினால் பேடு கிழியும், தொடை சிராய்க்கும். அதனால் நம் கீப்பர்கள் நின்றபடியே காலால் உதைத்துத் தடுப்பதில் கெட்டிக்காரர்கள். டர்ஃபில் முன்னால் பாய்ந்து, உடம்பை நீட்டிப் படுத்து மறிக்கவேண்டிய தருணம் வரும்போது கால் தயங்கும்.

இதெல்லாம் குமரிக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்கே நடந்ததுதான். 1975-ல் கோலாலம்பூரில் இயற்கைப் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடத்துக்குப் போனது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது அப்போதுதான். ஒரு வருடத்தில் யாரும் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. அன்று தேசிய அணிக்கு நேர்ந்ததை இன்று மண் கிரவுண்டு மட்டுமே உள்ள ஒவ்வொரு மாவட்ட அணியும் மாநிலப் போட்டியில் சின்ன அளவில் அனுபவிக்கிறது.

கோலருகே தப்பு செய்யும் அணிக்கு எதிராகத் தரப்படும் பெனால்டி கார்னரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜூனியர் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகின்றன. கோல் பக்கத்துப் பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டமான டி-க்கு வெளியே ஒருவர் நிறுத்துவார். மூன்றாமவர் அடிப்பார் அல்லது இழுத்து எறிவார். தடுக்கும் அணியில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோலுக்குப் பின்கோட்டில் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். ஹிட் செய்தால் முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோலின் அடிப்பலகை உயரத்துக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். இழுத்து எறியும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மேல் மூலைக்கே எறியலாம்.

மண்ணில் இந்த ஏற்பாடு மெதுவாக நடக்கும். தள்ளிவிட்ட பந்து குதித்துக் குதித்துப் போகும், நிறுத்துகிறவர் ஒரு கணம் தடுமாறுவார், அதற்குள் தடுக்கும் அணியின் முதல் ஆள் ஓடிவந்து மறித்துவிடுவார். நம் பிள்ளைகளின் கால் இந்தக் கணக்குக்குப் பழகியிருக்கிறது. டர்ஃபில் பந்து நேராக, வேகமாகப் போய் நிற்கும். நம் ஆள் பாதி தூரம் ஓடி வருவதற்குள் பந்து கோலுக்குள் இருக்கும். தாக்கும் பக்கமும் இதே கதைதான். டிராக் ஃபிளிக் என்பது பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்துத் தரையோடு நீளமாக இழுத்து எறிவது. சரளைக் கல்லில் எவ்வளவு இழுக்க முடியும்? ஆகவே மண் கிரவுண்டு அணிக்கு ஃபிளிக்கர் இருக்க மாட்டார். பக்கத்து ஆளுக்குத் தட்டி, அவர் அடிப்பது போன்ற தந்திரங்களை நம்ப வேண்டியிருக்கும். அதையாவது ஒழுங்காகப் பழகினால் போதும் என்பது என் கட்சி. பத்து வகை கார்னர் வேண்டாம், இரண்டு வகை போதும், கண்ணைக் கட்டினாலும் தவறாத இரண்டு.

2025 டிசம்பரில் இதன் விலை என்ன என்று தமிழ்நாடே பார்த்தது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 அணிகள். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று நொறுங்கிய இந்தியா, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிக் கிடந்தது. கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு 4-2 என வென்று வெண்கலம் வாங்கியது. ஓட்டத்தில் அழகாக வந்த கோல்களைவிட பெனால்டி கார்னரும் பெனால்டி ஸ்ட்ரோக்கும்தான் அன்று கைகொடுத்தன.

அந்த அணிக்கு அப்போது பயிற்சியாளராக இருந்தவர் ஸ்ரீஜேஷ். குமரிக்காரர்கள் அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. எர்ணாகுளம் பக்கத்து கிழக்கம்பலம்காரர். திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளிக்குச் சிறுவனாக வந்து சேர்ந்தபோது கீப்பர் ஆகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று சுற்றியபின்தான் கீப்பர் ஆனார். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் வெண்கலம். திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் 70 கிலோமீட்டர் சொச்சம்தான். நம்மைப் போலவே மழை கொட்டுகிற சீமை. பள்ளி கிரவுண்டில் உயரமாக, கொஞ்சம் மந்தமாக, எந்த ஆட்டத்திலும் முழுசாகப் பொருந்தாமல் திரியும் பையன் யாராவது இருந்தால் அவன் காலில் பேடைக் கட்டிப் பார்க்கலாம். பேடு, கிக்கர், கிளவுஸ், ஹெல்மெட் என்று கீப்பர் செட்டுக்கு ஆகும் காசுதான் பள்ளிகளைப் பயமுறுத்துகிறது. ஒரே செட்டை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுவதும், மழைக்காலத்தில் அது காயாமல் நாறுவதும் ஹாக்கி ஆடிய எல்லாருக்கும் தெரிந்த வாசனை.

மழையைப் பற்றிப் பேசாமல் குமரியில் எந்த விளையாட்டையும் பேச முடியாது. ஜூனில் பள்ளி திறக்கும், தென்மேற்குப் பருவமழையும் கூடவே வரும். குறுவட்டப் போட்டிகளுக்கு அணி தேர்ந்தெடுத்துப் பழக வேண்டிய மாதங்கள் அவைதான். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றுதான் அதிகம், ஓரளவு சமாளிக்கலாம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். அக்டோபர் வந்தால் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் என்பது விவசாயத்துக்குக் கொடுப்பினை, மண் கிரவுண்டுக்குச் சாபம். தண்ணீர் தேங்கிய இடத்தில் பந்து அப்படியே உட்கார்ந்துவிடும். கால்பந்தை உதைத்தாவது வெளியே எடுக்கலாம், ஹாக்கிப் பந்தை ஸ்டிக்கால் தோண்டத்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம், இங்கே ஹாக்கிக்கு எதிரே நிற்பது கால்பந்து. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று கடற்கரை நெடுக அதுதான் ராஜா. இரவிபுத்தன்துறையிலிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிவரை போனார். ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம் என்கிற ஆட்டத்தோடு, ஆளுக்கொரு ஸ்டிக் கேட்கும் ஆட்டம் எப்படிப் போட்டி போடும்? ஆனால் இதில் ஹாக்கிக்கு ஒரு லாபமும் உண்டு. கால்பந்து ஆடி வளர்ந்த பையனுக்கு இடம் தெரியும். பந்தில்லாத நேரத்தில் எங்கே ஓட வேண்டும் என்று தெரியும். அவனை ஹாக்கிக்குக் கொண்டுவந்தால் இரண்டு பழக்கங்களை மட்டும் மாற்ற வேண்டும். ஒன்று, ஹாக்கியில் ஆஃப்சைடு கிடையாது. 1990-களின் பிற்பாதியில் எடுத்துவிட்டார்கள். எதிரணி ஃபார்வர்டு நம் கீப்பர் பக்கத்திலேயே போய் நின்றாலும் தப்பில்லை. கால்பந்துப் பழக்கத்தில் பின்வரிசை முன்னேறி வந்துவிட்டால் அவன் தனியாகக் கோலடித்துவிட்டுப் போவான். இரண்டு, ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆட முடியும் என்பதால் எல்லாருக்கும் இடப்பக்கம் பலவீனம். வலது காலுக்கும் இடது காலுக்கும் வேறுபாடு பார்க்காத கால்பந்துக்காரனுக்கு இது சட்டென்று பிடிபடாது. பிடிபட்டபின், எதிரியின் இடப்பக்கமாகவே பந்தைக் கொண்டுபோய் வதைப்பான்.

சரி, பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள், பழகிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சுவர் பத்தாம் வகுப்பு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தப் பெருமைக்கு இன்னொரு முகமும் உண்டு: காலை ஆறு மணி டியூஷன், சாயங்காலம் இன்னொரு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை நீட் வகுப்பு. ஹாக்கி கிரவுண்டு திறந்திருக்கும் நேரமும் டியூஷன் நேரமும் ஒன்றே. "ஹாக்கி ஆடி என்ன கிட்டும்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், பதிலும் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடங்கள், மாநில அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று ஹாக்கி அணி வைத்து ஆள் எடுத்த நிறுவனங்கள். ஆனால் இதற்கெல்லாம் குறுவட்டச் சான்றிதழ் பயன்படாது, குறைந்தது மாநிலத்தில் ஆடியிருக்க வேண்டும், மேலே போகப் போகத்தான் மதிப்பு. மாநிலத்துக்குப் போகாத அணியில் இருப்பவனின் அப்பா அவனை நிறுத்திவிடுகிறார். நல்லவர்கள் நின்றுவிடுவதால் அணி மாநிலத்துக்குப் போவதில்லை. இந்தச் சுழல்தான் 19 வயதுப் பிரிவை ஒவ்வொரு வருடமும் தின்கிறது.

நின்றுவிடாதவர்கள் எங்கே போகிறார்கள்? கோவில்பட்டிக்கு. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் போல அந்த ஊருக்கு ஹாக்கியும் அடையாளம். செயற்கைப் புல்தரை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு மையம், அகில இந்திய அணிகள் வந்து ஆடும் இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை எல்லாம் அங்கே. 2022-ல் இந்தியச் சீனியர் அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அவரோடு அணிக்கு வந்த கார்த்தி செல்வம் அரியலூர்காரர், ஆனால் அவரும் கோவில்பட்டியில் தேறியவர். விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கும். நம் மாவட்டத்தில் பளிச்சென்று தெரிகிற பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதுதான் சரியான வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விடுதிக்குப் போனவன் அங்குள்ள பள்ளியில் படிப்பான், அங்குள்ள அணிக்கே ஆடுவான். மாநிலப் போட்டியில் நம் அணிக்கு எதிராகவே அவன் இறங்கக்கூடும். ஆகவே மாவட்டத்தின் ஹாக்கி எப்படி இருக்கிறது என்று கோப்பையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பது தப்பு. எத்தனை பேர் விடுதித் தேர்வில் தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புல்தரைப் பழக்கத்துக்கு என்ன வழி? வரைபடத்தைப் பார்த்தால் குமரி ஒரு வேடிக்கையான இடத்தில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து வடக்கே கோவில்பட்டி டர்ஃப் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். மேற்கே கொல்லத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய ஹாக்கி மைதானமும் ஏறக்குறைய அதே தூரம். இரண்டுக்கும் ரயில் உண்டு. மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம் அணியை அங்கே இரண்டு நாள் கொண்டுபோய் ஆடவைத்தால், முதல் பத்து நிமிடத் திணறலில் பாதி போய்விடும். இது பெரிய செலவுமில்லை: ரயில் டிக்கெட், சாப்பாடு, படுக்க ஓர் இடம். பள்ளி, பழைய மாணவர்கள், ஊர் மன்றம் என்று யாராவது ஏற்றுக்கொண்டால் முடிந்தது.

அதுவும் முடியாதவர்களுக்கு, ஒவ்வொரு ஊரிலும் இருக்கிற பாஸ்கெட்பால் கோர்ட். சிமெண்டுத் தரையில் பந்து துள்ளாது, நேராக வழுக்கி வரும். மழை பெய்து ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது, ஷூ பிடிமானத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடி ஆட அது ஆகாது. ஸ்டிக்கும் சீக்கிரம் தேயும். ஆனால் குனிந்து பந்து வாங்குவது, பந்தைத் தள்ளிக் கொடுக்கும் புஷ் பாஸ், பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளி நிறுத்துவது ஆகிய மூன்றையும் அங்கே டர்ஃபுக்குக் கிட்டத்தட்டப் பழகிவிடலாம். மண் கிரவுண்டில் தண்ணீர் தேங்கியிருக்கும் ஜூன், ஜூலை நாட்களை வீணாக்காமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. பழைய ஸ்டிக்குகளை இதற்கென்று ஒதுக்கிவைத்தால் போதும்.

இன்னொரு கணக்கு, மாற்று ஆட்டக்காரர்கள். ஹாக்கியில் ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். டர்ஃபில் பழகிய அணிகள் ஃபார்வர்டுகளைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி ஏற்றி ஓட்டத்தைக் குறையாமல் வைத்துக்கொள்ளும். ஆள் குறைவான அணியில் அதே பதினோரு பேர் கடைசிவரை ஓடுவார்கள். நான்காவது கால்பகுதியில் கால் பேசாது. நம் அணி கடைசி நிமிடங்களில் கோல் வாங்கித் தோற்றால் அதை அதிர்ஷ்டத்தின் மேல் போடாமல் பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள்.

பிரிவுவாரியாகச் சொல்வதென்றால், எனக்கு அதிக நம்பிக்கை 14 வயதுப் பிரிவின் மேல். அந்த வயதில் தரைப் பழக்கம் இறுகியிருக்காது, டியூஷன் நெருக்கடியும் இல்லை. பெண்கள் அணிகளுக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மாநில அளவில் அந்தப் பிரிவில் போட்டி போடும் அணிகள் குறைவு, ஒரு நல்ல கீப்பரும் இரண்டு ஓட்டக்காரிகளும் கிடைத்தால் வெகுதூரம் போகலாம். ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்தோடு நின்றுவிடுகிற பெண்களை உடற்கல்வி ஆசிரியைகள் இப்போதே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். 17 வயது ஆண்கள் அணி மாநிலத்துக்குப் போனால் பெனால்டி கார்னர் தடுப்பதை வைத்துத்தான் அதன் தலையெழுத்து. ஓர் ஆட்டத்தில் எதிரணிக்கு எத்தனை கார்னர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள், ஸ்கோரைக் கேட்கவே வேண்டாம். 19 வயது அணியைப் பற்றிக் காலாண்டுத் தேர்வு முடிந்தபிறகு பேசலாம். யாரெல்லாம் கிரவுண்டில், யாரெல்லாம் டியூஷனில் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.